கப்பலின் வயிற்றில் வரும் களைகள்

பார்த்தீனியத்தைப் பற்றி வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கமம் செய்தவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சிறு வெள்ளைப் பூ. பிடுங்கியவர் கையில் சொறி. மாடு தின்றால் பாலில் கசப்பு. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1980களின் கடைசியில் இந்தியப் படையினர் இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு இங்கே வந்து சேர்ந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படி வந்திருந்தாலும், வந்த பிறகு அதை அகற்றும் வேலை முழுவதும் கமக்காரனின் தலையில்தான் விழுந்தது. கொண்டுவந்தவர் போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்துத் தம் காணிக்குத் திரும்பிய குடும்பங்கள் முதலில் சண்டை பிடித்தது இந்தச் செடியோடுதான்.

இதே கதை கடலிலும் நடக்கிறது. அதைத் தடுக்க உலக நாடுகள் சேர்ந்து சட்டங்கள் செய்திருக்கின்றன. அவை எப்படிப் பிறந்தன, என்ன சொல்கின்றன, எங்கே ஓட்டையாக இருக்கின்றன என்பதே இந்த இதழின் பாடம். வயலோடு பிறந்த நமக்குக் கடற்சட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இடம்பெயர்ந்த நம் குடும்பங்களில் பல இன்று கரையோரத்தில் குடியிருக்கின்றன. களப்பில் இறால் தேடுகிறவர்களும், கடற்பாசி நடுகிறவர்களும், கடலட்டைப் பண்ணையில் நாட்கூலி செய்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அரசாங்கமோ நிறுவனமோ வாழ்வாதாரத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவரும்போது அதனுடன் என்ன உயிர் வருகிறது என்று கேட்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நூல்களில் 'ஆக்கிரமிப்பு அந்நிய இனம்' என்று எழுதுவார்கள். சிலர் 'வந்தேறி' என்றும் எழுதுகிறார்கள். அந்த இரண்டாவது சொல்லை நான் இங்கே பயன்படுத்தப் போவதில்லை. இடம்பெயர்ந்து போன ஊரில் தண்ணீர் அள்ளும் கிணற்றடியில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் இதை வாசிக்கிறார்கள். மனிதர் வேறு, களை வேறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த உயிரும் தன் சொந்த இடத்தில் தீயது அல்ல. நாம் விரும்பிச் சாப்பிடும் ஓரா மீனின் இனத்தைச் சேர்ந்த இரண்டு வகைகள் செங்கடலில் இருந்து சுயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போயின. அங்கே பாறைகளில் இருந்த பாசியை மொட்டையாக மேய்ந்து தள்ளின. செங்கடலில் அவை யாருக்கும் தொல்லை இல்லை. தன்னைத் தின்னும் பகையும் தன்னோடு போட்டியிடும் உறவும் இல்லாத இடத்தில் கொண்டுபோய் விடப்படும்போதுதான் ஓர் உயிர் களையாக மாறுகிறது.

சரி, கடலில் இவை எப்படி ஊர் விட்டு ஊர் போகின்றன?

வயலைச் சமப்படுத்தும்போது பலகை துள்ளாமல் இருக்க அதன்மேல் கல் வைப்போம், அல்லது ஒரு பொடியனை ஏற்றி நிறுத்துவோம். கப்பலுக்கும் அப்படித்தான். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல் மேலே மிதந்து ஆடும்; புயலில் கவிழவும் கூடும். ஆகவே அதன் அடியில் பாரம் வேண்டும். பழைய மரக்கப்பல்கள் கல்லையும் மண்ணையும் ஏற்றின. இரும்புக் கப்பல் வந்த பின் கடல்நீரையே பம்பினால் உள்ளே இழுத்துத் தொட்டிகளில் நிரப்புகிறார்கள். கப்பற்காரர் இதைப் 'பலாஸ்ட்' தண்ணீர் என்பர். நாம் பாரத் தண்ணீர் என்று சொல்வோம். சரக்கை ஏற்றப் போகும் துறைமுகத்தில் அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிடுகிறார்கள். பெரிய கப்பல் ஒன்றில் இப்படிப் பல்லாயிரம் தொன் தண்ணீர் இருக்கும். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கோடித் தொன் தண்ணீர் இவ்வாறு கடல்விட்டுக் கடல் போகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

தண்ணீர் மட்டும் போனால் கவலையில்லை. துறைமுகத்தின் கலங்கிய நீரில் மீன் குஞ்சு, நண்டுக் குஞ்சு, மட்டியின் முட்டை, பாசி விதை, கிருமி எல்லாம் இருக்கும். தொட்டியின் அடியில் சேறும் படியும். இருட்டில் பல செத்துப் போகும். சில தப்பிக்கும். தப்பியவற்றுள் ஒன்றிரண்டு புதிய இடத்தில் பெருகினால் போதும்.

நம் நாடு தண்ணீரைப் பெறும் நாடு மட்டும் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். நுரைச்சோலைக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் வெறுமையாகத் திரும்புகிறது. அது எடுத்துப்போகும் பாரம் நம் கடல்நீர். நாமும் பிறர் கடலுக்குக் களை அனுப்பக் கூடியவர்கள்தான். அயலவன் வரம்புக்குள் என் மாடு போனாலும் வழக்கு வழக்குத்தானே.

இதனால் என்ன கேடு வரும் என்று அறியக் கருங்கடலைப் பார்ப்போம். துருக்கி, ருசியா, உக்ரேன், ருமேனியா, பல்கேரியா, ஜோர்ஜியா ஆகிய ஆறு நாடுகள் சூழ்ந்த கடல் அது. அங்கே கரையோர மக்களின் பிழைப்பு பெரும்பாலும் நெத்தலி. 1982 இல் அந்தக் கடலில் ஒரு புதிய உயிர் காணப்பட்டது. நம் கடற்றொழிலாளர் 'சொறி' என்று சொல்லும் இழுதுமீனைப் போன்றது. ஆனால் கடிக்காது, சொறியாது. உள்ளங்கை அளவு, கண்ணாடி போல உடல். அறிஞர் இட்ட பெயர் நெமியோப்சிஸ். அது அமெரிக்கக் கண்டத்தின் அத்திலாந்திக் கரைக்கு உரியது. சரக்குக் கப்பலின் பாரத் தண்ணீரோடு வந்தது என்பதே ஆராய்ந்தவர்களின் முடிவு.

ஒரே உடலில் ஆணும் பெண்ணும் இருப்பதால் இதற்குத் துணை வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை இடவல்லது. நெத்தலி தின்னும் நுண்ணுயிர்களையே இதுவும் தின்னும். நெத்தலியின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். இதைத் தின்ன அங்கே யாரும் இல்லை. 1989 அளவில் கடல் முழுவதும் இதுவே நிறைந்தது. துருக்கியின் நெத்தலிப் பிடிப்பு 1988 இல் மூன்று இலட்சம் தொன் அளவில் இருந்தது. 1990 இல் ஓர் இலட்சம் தொன்னுக்கும் கீழே விழுந்தது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. மீன்மா ஆலைகள் மூடப்பட்டன.

பழி முழுவதையும் இந்த ஓர் உயிரின் மேல் போடுவதும் சரியாகாது. அதற்கு முன்பே அந்தக் கடலில் அளவுக்கு மிஞ்சி மீன் பிடித்திருந்தார்கள். தன்யூப் முதலிய ஆறுகள் ஐரோப்பிய வயல்களின் உரத்தை அள்ளிவந்து கடலில் கொட்டியிருந்தன. ஏற்கெனவே நோயாளியாக இருந்த கடலில்தான் புதிய நோய் வேகமாகப் பற்றியது. வயலில் போடும் யூரியா கடலில் போய் என்ன செய்கிறது என்பதும் நமக்கு இதில் ஒரு பாடம்.

பின்னர் நடந்தது எதிர்பாராதது. 1997 இல் பெரோயே என்ற இன்னோர் உயிர் அதே கடலில் காணப்பட்டது. அதுவும் பெரும்பாலும் கப்பல் தண்ணீரில் வந்ததே. அதன் உணவே நெமியோப்சிஸ். கேடு குறைந்தது, மீனும் ஓரளவு திரும்பியது. நம் குளங்களை மூடிய சல்வீனியாவுக்கு 1986 இல் இலங்கையில் ஒரு சிறு வண்டை விட்டுப் பல இடங்களில் வெற்றி கண்டதை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் வண்டு சோதிக்கப்பட்டு விடப்பட்டது. பெரோயே தற்செயலாக வந்தது. ஒரு கள்வனைப் பிடிக்க இன்னொரு கள்வன் வருவான் என்று கதவைத் திறந்து வைத்திருக்க முடியாது. கருங்கடலில் இருந்து கால்வாய் வழியே போன கப்பல்களோடு அதே நெமியோப்சிஸ் 1999 இல் கஸ்பியன் கடலிலும் காணப்பட்டது. ஈரான் கரையில் கில்கா என்ற, நமது சூடையைப் போன்ற சிறு மீனின் பிடிப்பு சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே போயிற்று. அங்கே காப்பாற்ற எந்தப் பெரோயேயும் உடனே வரவில்லை.

முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. 1991 இல் தென் அமெரிக்காவில், பெரு நாட்டில் தொடங்கி, வாந்திபேதி பெருவாரியாகப் பரவியது. அது அங்கே எப்படி வந்தது என்பதில் அறிஞர் ஒத்த கருத்துக் கொள்ளவில்லை. ஆனால் அதே காலத்தில் இலத்தீன் அமெரிக்காவில் இருந்து ஐக்கிய அமெரிக்காவின் தென்கரைத் துறைமுகங்களுக்குப் போன சில கப்பல்களின் பாரத் தண்ணீரைச் சோதித்தபோது வாந்திபேதிக் கிருமி உயிரோடு இருந்தது. அதன் பிறகுதான் இது மீனவர் பிரச்சினை மட்டும் அல்ல என்று அரசாங்கங்கள் கண் விழித்தன.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

கடல் யாருக்கும் உரிய காணி அல்ல. ஆகவே ஒரு நாட்டின் சட்டம் அடுத்த நாட்டின் கப்பலை எளிதில் கட்டுப்படுத்தாது. நாடுகள் கூடி ஒப்பமிடும் சமவாயங்களே வழி. 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம்தான் அடித்தளம். அதன் 196 ஆம் உறுப்புரை, ஒரு கடற்பகுதிக்குப் புதியதான உயிரினத்தை வேண்டுமென்றோ தற்செயலாகவோ கொண்டுவந்து கேடு விளைவிப்பதைத் தடுக்கவும் குறைக்கவும் கட்டுப்படுத்தவும் நாடுகள் வேண்டிய எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. 'வேண்டுமென்றோ தற்செயலாகவோ' என்ற இரண்டையும் சேர்த்ததைக் கவனியுங்கள். தெரியாமல் வந்துவிட்டது என்று கைகழுவ இடமில்லை. 1992 இல் ரியோ டி ஜெனிரோவில் ஒப்பமிடத் திறக்கப்பட்ட உயிரினப் பல்வகைமைச் சமவாயத்தின் 8 ஆம் உறுப்புரையும் இதையே சொல்கிறது: கேடு தரும் அந்நிய இனங்களை வரவிடாமல் தடு, வந்தால் கட்டுப்படுத்து, அல்லது ஒழி. இலங்கை இரண்டு சமவாயங்களையும் 1994 இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் இவை பொதுக் கட்டளைகள். 'முடிந்த அளவுக்கு, பொருத்தமான விதத்தில்' என்ற வால் ஒன்று 8 ஆம் உறுப்புரையில் ஒட்டியிருக்கிறது. எந்தக் கப்பல் எங்கே என்ன செய்ய வேண்டும் என்று அவை சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது லண்டனில் உள்ள சர்வதேச கடல்சார் நிறுவனம். அது 1991, 1993, 1997 ஆகிய ஆண்டுகளில் வழிகாட்டிகளை வெளியிட்டது. வழிகாட்டி என்றால் விரும்பினால் செய்யலாம் என்று பொருள். செலவும் நேரமும் பிடிக்கிற வேலையை விரும்பிச் செய்கிற வியாபாரி எத்தனை பேர்?

கடைசியில் 2004 பெப்ரவரி 13 ஆம் திகதி கப்பல்களின் பாரத் தண்ணீரையும் அதன் சேற்றையும் கட்டுப்படுத்தும் தனிச் சமவாயம் லண்டனில் நிறைவேறியது. நிறைவேறியதே தவிர நடைமுறைக்கு வரவில்லை. 30 நாடுகள் ஏற்க வேண்டும். அந்த நாடுகளின் கொடியின்கீழ் ஓடும் கப்பல்களின் கொள்ளளவு உலக மொத்தத்தில் 35 வீதம் ஆக வேண்டும். அதற்குப் பிறகும் 12 மாதம் கழிய வேண்டும் என்பது நிபந்தனை. நாடுகளின் தொகை சில ஆண்டுகளில் சேர்ந்துவிட்டது. கொள்ளளவு சேரவில்லை. ஏன்? உலகின் கப்பல்களில் பெரும்பகுதி பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற சில கொடிகளின்கீழ் பதியப்பட்டுள்ளன. முதலாளி ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், மாலுமி மூன்றாவது நாட்டில். காணி ஒருவர் பெயரில், உறுதி இன்னொருவர் கையில், உழுகிறவன் வேறொருவன் என்ற நிலையைக் கண்ட நமக்கு இது விளங்காமல் போகாது. கொடி நாடு சம்மதிக்காமல் எதுவும் அசையாது. 2016 செப்டெம்பர் 8 இல் பின்லாந்து ஏற்றபோதுதான் 35 வீதம் தாண்டியது. 2017 செப்டெம்பர் 8 இல் சமவாயம் சட்டமானது. நிறைவேறியதற்கும் நடைமுறைக்கும் இடையே 13 ஆண்டுகளுக்கு மேல். கஸ்பியன் கடலின் மீனவனுக்கு அந்த 13 ஆண்டு எப்படிப் போயிருக்கும்?

சமவாயம் சொல்வது இதுதான். சர்வதேசப் பயணம் செய்யும் கப்பல் ஒவ்வொன்றும் பாரத் தண்ணீரை எப்படிக் கையாளும் என்ற திட்டம் ஒன்றையும், எங்கே எடுத்தது எங்கே விட்டது என்ற பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும். குறித்த பருமனுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான்றிதழும் பெற வேண்டும். முதற்கட்ட விதி தண்ணீரை மாற்றுவது: கரையில் இருந்து 200 கடல்மைலுக்கு அப்பால், 200 மீற்றராவது ஆழமான இடத்தில், தொட்டி நீரில் 95 வீதத்தையாவது நடுக்கடல் நீரால் மாற்ற வேண்டும். 200 மைல் முடியாவிட்டால் 50 மைலுக்காவது அப்பால். கரையோர உயிர் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிர் கரையில் பிழைக்காது என்பதே இதன் தத்துவம். எளிய வழி, ஆனால் முழுமையான வழி அல்ல. சேறு அடியிலேயே இருந்துவிடும், புயல் நாளில் மாற்றவும் இயலாது.

இரண்டாம் கட்ட விதி இறுக்கமானது. வெளியே விடும் தண்ணீரில் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் பருமன் உள்ள உயிர்கள் ஒரு கன மீற்றருக்கு 10 க்குக் குறைவாகவே இருக்கலாம். அதிலும் சிறியவற்றுக்கு ஒரு மில்லிலீற்றருக்கு 10 க்குக் குறைவு என்ற அளவு. வாந்திபேதிக் கிருமிக்கும், மலத்தில் இருந்து வரும் கிருமிகளுக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. இதை எட்ட வடிகட்டியும், புற ஊதாக் கதிர் அல்லது குளோரீன் போன்ற சுத்திகரிப்பும் கப்பலுக்குள்ளேயே பொருத்த வேண்டும். நாம் கிணற்றுக்குக் குளோரீன் போடுகிற அதே வேலைதான், பல்லாயிரம் தொன்னுக்கு. ஒரு கப்பலுக்கு இலட்சக்கணக்கான டொலர் பிடிக்கும். அதனால் பழைய கப்பல்களுக்குத் தவணை கொடுத்தார்கள். கடைசித் தவணை 2024 செப்டெம்பர் 8 இல் முடிந்தது.

இதை யார் பார்ப்பது? கப்பல் வரும் துறைமுகத்தின் அதிகாரிகள் சான்றிதழையும் பதிவேட்டையும் பார்க்கலாம், தண்ணீரில் மாதிரி எடுக்கலாம். ஐயத்துக்குத் தெளிவான காரணம் இருந்தால் விரிவாகச் சோதிக்கலாம். ஆனால் மாதிரியை ஆராய நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டிக் கப்பலைத் தேவையின்றித் தாமதிக்கக் கூடாது என்று 9 ஆம் உறுப்புரை சொல்கிறது. 12 ஆம் உறுப்புரையோ, தேவையின்றி மறித்து வைக்கப்பட்ட கப்பலுக்கு நட்டஈடு பெறும் உரிமையைக் கொடுக்கிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கப்பல் தாமதித்தால் நட்டஈடு உண்டு. அந்தக் கப்பல் கொட்டிய தண்ணீரால் நெத்தலி இல்லாமற் போன குடும்பத்துக்கு? சமவாயத்தில் அதற்கு ஏற்பாடு இல்லை. கப்பலில் இருந்து எண்ணெய் கசிந்தால் கப்பல் உரிமையாளரின் காப்புறுதியில் இருந்தும் தனி நிதியில் இருந்தும் ஈடு கேட்கச் சர்வதேச ஒழுங்குகள் இருக்கின்றன. உயிர் கசிந்தால் இல்லை. அதற்குக் காரணமும் சொல்வார்கள்: எண்ணெய் எந்தக் கப்பலுடையது என்று காட்டலாம், பத்தாண்டு கழித்துப் பெருகிய மட்டி எந்தக் கப்பலில் வந்தது என்று யார் காட்டுவது? உண்மைதான். கண்ணெதிரே எரிந்து மூழ்கிய கப்பலுக்கே ஈடு கேட்பது எத்தனை பாடு என்பதை 2021 இல் கொழும்புக்கு அப்பால் நடந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் அழிவில் கண்டோம். நம் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் செலுத்தும்படி கட்டளையிட நான்கு ஆண்டுகள் சென்றன. ஆயினும் நிரூபிக்க முடியாது என்பதற்காக நட்டம் இல்லாமற் போய்விடுவதில்லை. எல்லாக் கப்பல்களும் சிறு தொகை செலுத்தும் பொது நிதி ஒன்று இதற்கும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னோர் ஓட்டையும் உண்டு. தொட்டிக்குள் வருவது மட்டுமல்ல, கப்பலின் வெளிப்புற அடியில் ஒட்டிக்கொண்டும் உயிர்கள் வருகின்றன. கொட்டலசு, மட்டி, பாசி எல்லாம் வள்ளத்தின் அடியில் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குச் சர்வதேச கடல்சார் நிறுவனம் 2011 இல் வழிகாட்டி வெளியிட்டது. 2023 இல் திருத்தியது. அதுவும் வழிகாட்டிதான். கட்டாயச் சட்டமாக்கும் வேலையைத் தொடங்க 2025 இல்தான் உடன்பட்டார்கள். முன்போல் இன்னும் 13 ஆண்டு எடுக்காதிருந்தால் நல்லது.

சட்டம் விரைவாக வேலை செய்த இடமும் உண்டு. 1999 மார்ச்சில் வட அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறை ஒன்றில், முன்னர் அங்கே இல்லாத கறுப்பு வரி மட்டியை நீரடிச் சோதனையில் கண்டார்கள். கரீபியன் பக்கத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் விசாகப்பட்டினத்தில் 1960களிலேயே புகுந்தது. டார்வினில் சில மாதங்களுக்குள் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருந்தது. முத்துச்சிப்பித் தொழில் அழியும் என்று அஞ்சிய அரசாங்கம் நாட்கணக்கில் முடிவெடுத்தது. படகுத்துறைகளை அடைத்தார்கள். அங்கிருந்து போன படகுகளைத் தேடிப்பிடித்தார்கள். தண்ணீருக்குள் குளோரீனும் செப்புச் சல்பேற்றும் கொட்டி உள்ளே இருந்த எல்லாவற்றையும் கொன்றார்கள். நல்ல மீனும் செத்தது. செலவு இருபது இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல். ஒரு மாத அளவில் மட்டி ஒழிந்தது. அது முடிந்ததற்கு மூன்று காரணம்: ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடைக்கக்கூடிய மதகுகள் இருந்தன, தனியார் படகையும் மறிக்க அதிகாரம் இருந்தது. திறந்த கடலில் பரவிய பின் இது முடிகிற காரியம் அல்ல. சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு கழிகளில் 'காக்கா ஆழி' என்று மீனவர் சொல்லும் தென் அமெரிக்க மட்டி அடித்தரையைப் பாய் விரித்தாற்போல மூடி, இறாலும் மட்டியும் எடுத்துப் பிழைத்தவர்களை வருத்துகிறது. அதுவும் கப்பல் வழியே வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது. அங்கே கேட்டைத் தம் வலையில் கண்டு முறையிட்டவர்கள் மீனவர்களே.

வயலில் களை பிடுங்குவதைப் பற்றிப் பேசும்போது நற்செய்தியில் வரும் களைகளின் உவமையைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள்: அறுவடை வரை இரண்டையும் வளரவிடச் சொல்லவில்லையா என்று. அந்த உவமை மனிதரைத் தீர்ப்பிடுவதில் அவசரம் வேண்டாம் என்பதைப் பற்றியது. பயிர்ச்செய்கைக் கைந்நூல் அல்ல. கடற்களையை அறுவடை வரை விட்டால் அறுவடையே இராது.

இனி நமக்கு மிக நெருங்கிய விடயம்: தெரிந்தே கொண்டுவருவது. 1984 இல் மொனாக்கோ நாட்டுக் கடலடியில், அங்குள்ள கடலியல் அருங்காட்சியகத்துக்கு நேர்கீழே, கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் கோலெர்ப்பா என்ற பச்சைப் பாசி ஒரு சதுர மீற்றர் அளவில் காணப்பட்டது. யாரும் பிடுங்கவில்லை. சில ஆண்டுகளில் அது ஆயிரக்கணக்கான ஹெக்டேயரை மூடியது. 2000 இல் கலிபோர்னியக் களப்பு ஒன்றில் அதையே கண்டபோது உடனே தார்ப்பாயால் மூடிக் குளோரீன் செலுத்தினார்கள். ஒழிந்துவிட்டது என்று உறுதிசெய்ய 2006 வரை சென்றது.

நம் பக்கத்தில் கப்பாபைக்கஸ் என்ற கடற்பாசி இருக்கிறது. பிலிப்பைன்ஸ் கடலுக்கு உரியது. உணவுத் தொழிற்சாலைகளுக்குத் தேவையான ஒருவகைப் பசை அதிலிருந்து கிடைக்கிறது. 1990களில் தமிழ்நாட்டின் மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் கரையோரப் பெண்களின் வருமானத் தொழிலாக வளர்ந்தது. 2008 இல் அருகில் உள்ள குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் அது தானாகப் படர்ந்து பாறையை மூடுவதை ஆராய்ச்சியாளர் பதிவுசெய்தனர். மன்னார் வளைகுடா நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது. இன்று வடக்கில் பூநகரிப் பக்கத்து வலைப்பாடு முதலிய இடங்களில் இதே பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள். பலருக்கு, சிறப்பாகக் கணவனை இழந்த பெண்களுக்கு, கையில் காசு வருகிறது. ஆகவே இதை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பவளப் பாறைக்கு எவ்வளவு தூரத்தில் நடுகிறோம், புயலில் அறுந்த துண்டுகளை யார் பொறுக்குவது, திட்டம் கைவிடப்பட்டால் கயிற்றையும் பாசியையும் யார் அகற்றுவது என்பவை தொடங்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். கொம்பனி போய்விடும், கடலும் நாமும் இங்கேதான்.

இப்படிக் கேட்பதற்குச் சட்ட ஆதாரம் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1995 இல் நிறைவேற்றிய பொறுப்பான மீன்பிடிக்கான நடத்தைக் கோவையின் 9 ஆம் உறுப்புரை, பல நாடுகளுக்குப் பொதுவான நீர்நிலையில் புதிய இனத்தை விடும் முன் அயல்நாட்டோடு கலந்து பேச வேண்டும் என்கிறது. கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல, ஆனாலும் நாடுகள் ஒப்புக்கொண்ட வாக்கு. 2022 டிசெம்பரில் மொன்றியலில் உலக நாடுகள் ஏற்ற இலக்குகளுள் ஆறாவது, அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் புகுந்து நிலைபெறும் வேகத்தை 2030 க்குள் பாதியாகவாவது குறைப்பது. நம் நாட்டுக்குள் ஆகாயத்தாமரைக்கென்றே 1909 இல் ஒரு கட்டளைச் சட்டம் இருந்தது; செடி வந்து நான்கே ஆண்டுகளில் செய்யப்பட்டது. சட்டம் வந்தும் செடி போகவில்லை என்பது எந்தக் குளக்கட்டில் நின்று பார்த்தாலும் தெரியும். இன்று 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டமும், 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும், 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டமும் உள்ளன. கரையில் முன்பு காணாத மட்டியையோ பாசியையோ கண்டால் கடற்றொழில் பரிசோதகரிடமோ, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையிடமோ அறிவிக்கலாம். பிடுங்கிக் கரையில் உலரவிட்ட ஒரு துண்டையும், கண்ட இடத்தையும் திகதியையும் எழுதிக் கொடுத்தால் நல்லது. பிடுங்கியதைத் திரும்பக் கடலில் எறிய வேண்டாம். கோலெர்ப்பா போன்ற பாசிகள் துண்டில் இருந்தே மீண்டும் வளரும்.

குழுக் கலந்துரையாடலுக்கு: உங்கள் பழைய ஊரிலும் இப்போது இருக்கும் இடத்திலும் பிற நாட்டில் இருந்து வந்த செடி, மீன், நத்தை எவை? அவை யாரால் வந்தன, அவற்றை அகற்றும் செலவை யார் சுமக்கிறார்கள்? உங்கள் பகுதிக்கு வந்த வாழ்வாதாரத் திட்டங்களில் புதிய உயிரைக் கொண்டுவந்தது எது, அதைப் பற்றி உங்களிடம் முன்கூட்டியே யாராவது கேட்டார்களா? கடற்றொழில் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஒரே மேசையில் இருந்து பேசவேண்டிய விடயம் உங்கள் ஊரில் என்ன இருக்கிறது? வயலின் வாய்க்கால் எந்தக் களப்பில் போய் விழுகிறது என்பதை வரைபடமாகக் கீறிக்கொண்டு தொடங்கினால் பேச்சு இலகுவாக இருக்கும்.